புகழ்ந்தால் அமிழும் கட்டடம்

கோபன்ஹேகன் துறைமுகத்தில் நிற்கும் அலைவீட்டுக்கு உலகத்தின் சிறந்த குடியிருப்பு என்று பரிசு கொடுத்தார்கள். அன்று மத்தியானமே அது வெட்கப்பட்டு ஒரு முழம் தண்ணீருக்குள் இறங்கியது. எங்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே, நீ ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். இங்கே வளர்ந்த கட்டடத்துக்கு மட்டும் அடக்கம் வராமல் போகுமா? அதை வரைந்த கட்டடக்கலைஞர் வெளியூர்க்காரர். தொலைக்காட்சியில் தோன்றி, இறங்குவதும் தன் வரைபடத்தில் இருந்ததுதான் என்றார்.

அதன்பிறகு சுற்றுலாப் படகுகள் வந்தன. படகில் ஒருவர் வாய்பிளந்தால் ஒரு விரற்கடை, வழிகாட்டி ஒலிபெருக்கியில் ‘மகத்தான’ என்றால் ஒரு சாண் என்று அது இறங்கியது. கோடை முடிவதற்குள் தரைத்தளம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். குடியிருந்தவர்கள் முதல் மாடி பால்கனியை வாசலாக்கி, சைக்கிளையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

தரைத்தளத்தில் இருந்தவர் தோர்கில், கப்பல்களில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊர்க்கோடியில் ஆப்பிள் மரங்களோடு இருந்த வீட்டை, மனைவி பொடில் பிடித்த பிடிவாதத்தில் விற்றுவிட்டு இங்கே வந்தார். அவர் வசதிக்குக் கிடைத்தது குப்பைத்தொட்டிகளைப் பார்த்த ஜன்னல். மறுவருடமே பொடில், மூச்சுப்பயிற்சிக்கு மேலே காற்று நல்லது என்று சொல்லி, ஏழாவது மாடி யோகா ஆசிரியரின் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்.

புகழ்ந்தால் இறங்குவது திட்டினால் ஏறும் என்று முதலில் கண்டுகொண்டவர் குடியிருப்போர் சங்கத் தலைவி விபேக்கே. எல்லோரும் கரையில் வரிசையாக நின்று திட்டினார்கள். “ஜன்னல் இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்திருக்கலாம், தப்பா எடுத்துக்காதே” என்றார் ஒருவர். கட்டடம் அசையவில்லை. ஆயுள் சம்பாத்தியத்தை அதில் போட்டவர்களுக்கு மனதாரத் திட்ட எங்கே வரும்? விபேக்கே கீழே இறங்கிப்போனார்.

“தோர்கில், நீங்கதான் வந்து நாலு வார்த்தை திட்டணும்.”

“நாலு போதுமா? வருஷக்கணக்கா சேத்து வெச்சிருக்கேன்.”

கரையில் நின்று அவர் தொடங்கினார். “ஏண்டா கோணமூஞ்சி! உனக்கெல்லாம் ஒரு பரிசு கேக்குதா? குப்பத்தொட்டியப் பாத்து ஜன்னல் வெச்சது எவன்டா? என் ஆப்பிள் மரத்த வித்துல்லடா உன்ன வாங்கினேன்! என் பொண்டாட்டிய ஏழாவது மாடியில கொண்டுபோய் வெச்சியே, வெக்கமா இல்ல?” மேலே ஒரு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. சாயங்காலத்துக்குள் தரைத்தளம் பாசி சொட்டச் சொட்ட வெளியே வந்துவிட்டது. தோர்கிலைச் சங்கம் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் சாராயமும் கொடுத்துத் தினமும் திட்டவைத்தது. சுற்றுலாத் துறை அந்த நேரத்தை வரைபடத்தில் அச்சிட்டது. பயணிகள் கைதட்டிய கைதட்டலில், காலையில் ஏறியது மாலையில் இறங்கியது.

குளிர்காலத்தில் தோர்கில் காய்ச்சலில் படுத்தார். திட்ட ஆளில்லை, கட்டடம் மளமளவென்று இறங்கியது. அவர் கண்விழித்தபோது ஜன்னலில் குப்பைத்தொட்டியும் இல்லை, கோடையில் பார்த்த கலங்கல் தண்ணீரும் இல்லை. சுவரெல்லாம் பச்சை வெளிச்சம் நெளிந்தது. பெரிய விலாங்கு ஒன்று கண்ணாடியில் மூக்கை வைத்து அவரை விசாரிப்பதுபோல் பார்த்தது. காய்ச்சல் விட்ட பிறகும் அவர் நாற்காலியை ஜன்னலைவிட்டு நகர்த்தவில்லை.

கடைசியில் பொடிலே வந்து கதவைத் தட்டினார். “ஏழாவது மாடியே தண்ணி மட்டத்துக்கு வந்துடுச்சு. வந்து திட்டேன். உனக்குத்தான் அது நல்லா வருமே.”

தோர்கில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனார். “ஏண்டா...” என்றார். தொண்டையைச் செருமினார். “சீ, என்னடா நீ... இப்படிப் பண்ணிட்டியே...” பால்குடிக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் குரல் அது. அந்தப் பிரியத்தைத் தாங்காமல் அலைவீடு கூரைவரை இறங்கிவிட்டது.

இப்போது அந்தக் கூரை கரைக்குச் சமமாகக் கிடக்கிறது, கூரைக்கதவுதான் குடியிருப்பவர்களுக்கு வாசல். வெயில் வந்தால் அதன்மேல் உட்கார்ந்து நாங்கள் பியர் குடிக்கிறோம். பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னாலும் பயணிகள் கேட்பதில்லை. ஒன்றுமில்லாததைப் படமெடுத்துப் போகிறார்கள். யோகா ஆசிரியர் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். சென்ற வாரம் பொடில் படியிறங்கித் தோர்கில் வீட்டுக்குப் போனார்.

“உன் ஜன்னல்ல என்னமோ தெரியுதாமே?”

“உள்ள வா, பாரு. வாயை மட்டும் திறந்துடாதே.”

பொடில் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே கூரை ஒரு விரற்கடை இறங்கியது. நாங்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பியரைத் தொடர்ந்தோம்.