அக்கரைச் சாமியார்

ஆர்மேனியச் சபையின் பிஷப் கோர்யுனுக்குக் காலையிலிருந்தே பயமாக இருந்தது. சபைகளின் ஒற்றுமையைப் பற்றி ஜெனீவா மாநாடுகளில் பதினோரு வருடம் பேசியவர் அவர். அங்கே மேடையில் தண்ணீர் வைத்திருப்பார்கள், யாரும் சுடமாட்டார்கள். இங்கே பெய்ரூத்தில், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்த மரோனைட் கிறிஸ்தவர்களின் கோயிலுக்குப் போக முந்நூறு அடி நடக்க வேண்டும். அந்த முந்நூறு அடியில் போன மாதம் மூன்று பேர் குண்டடிபட்டு விழுந்திருந்தார்கள்.

அந்த வருடம் லெபனான் உள்நாட்டுச் சண்டை கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மூண்டுவிட்டது. யார் பக்கமும் சேரமாட்டோம் என்ற ஆர்மேனியர்களின் தெருக்கள் மேல் அக்கரை மரோனைட் ஆயுதக் குழு குண்டு வீசியது. செத்த ஒன்பது பேருக்கு இன்று நாற்பதாம் நாள் ஜெபம். அதில் அக்கரைச் சாமியார் தானியோஸும் கூட நிற்க வேண்டும் என்று பிஷப் முடிவு செய்திருந்தார்.

கோயில் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட அராக்சி, செத்தவர்களில் ஒருவனுக்கு அக்கா.

"அவங்க சனம் போட்ட குண்டுலதான் என் தம்பி போனான். அவங்க சாமியாரையே கூட்டியாந்து ஜெபம் பண்ணப் போறீங்க. நல்லா இருக்கு சாமி."

"தானியோஸ் குண்டு போடலை, அராக்சி."

"தடுக்கவும் இல்லையே."

பிஷப் அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாலத்தில் அவர் காலடிச் சத்தமே அவருக்குப் பயமாக இருந்தது. எந்த ஜன்னலிலிருந்து பார்க்கிறார்களோ என்று நிமிரவும் முடியவில்லை. பாதி வழியில் ஜெபம்கூட வரவில்லை. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் துப்பாக்கியை நீட்டினான்.

"பெரியவரே, உசிரு வெல்லமா இல்லையா? இந்தப் பக்கம் என்ன வேலை?"

"உங்க சாமியாரைப் பார்க்கணும்."

மூட்டையோடு ஒட்டி நிற்க வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து தானியோஸ் வந்தார். ஒல்லியான கிழவர். பிஷப் அவரை நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அழைத்தார்.

"என்னால வர முடியாது பிஷப்பையா. உங்க சனம் என்னைச் சும்மா விடாது. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். வர்றப்ப கால் மரத்தே போச்சு. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம்."

கிழவர் சிலுவையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பாலத்தின் நடுவில் ஒரு குண்டு கைப்பிடிச் சுவரைப் பெயர்த்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றிக்கொண்டு ஓடாமல் நடந்தார்கள்.

கோயிலில் தானியோஸ் நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். அராக்சி போகவில்லை, 'ஆமென்' சொல்லவும் இல்லை. தானியோஸ் அரபியில் ஜெபித்தபோது இரண்டு முறை தடுமாறினார்.

முடிந்ததும் பிஷப் அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட எழுந்தார்.

"உக்காருங்க சாமி," என்றாள் அராக்சி. "பொம்பளை கூடப் போனா யோசிச்சுத்தான் சுடுவாங்க."

"வேண்டாம்மா."

அவள் கேட்கவில்லை, தானியோஸோடு கிளம்பிவிட்டாள். பிஷப் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு உருவங்கள் பாலத்தில் சிறுத்துக்கொண்டே போயின. ஒரு வெடிச் சத்தம். காலையில் தனக்காகப் பட்ட பயமெல்லாம் இதன் முன்னே ஒன்றுமேயில்லை.

அராக்சி திரும்பி வரும்போது மணி நான்கு.

"வானத்தைப் பார்த்துச் சுட்டாங்க, விளையாட்டாம். அந்தக் கிழவர் வழி முழுக்கத் தம்பி பேரைக் கேட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்கணுமாம்."

"சொன்னியா?"

"ஒன்பது பேரையும் சொன்னேன்."

குண்டுவீச்சு இன்னும் எட்டு நாள் நிற்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறு, அக்கரைக் கோயிலில், துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளுக்கு முன்னால் தானியோஸ் ஒன்பது ஆர்மேனியப் பெயர்களையும் உரக்க வாசித்தார். வாசித்து முடிக்கும்வரை யாரும் அவரைத் தடுக்கவில்லை.