போக ஆறு, வர பதினெட்டு

என் தங்கை பூரணியின் புருஷன் சோலைமலைக்கு எதற்கெடுத்தாலும் கணக்குப் போட வேண்டும். மழை எப்போது விடும் என்று கேட்டால்கூட சாக்பீஸைத் தேடுவான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு அவன்தான் மாஸ்டர். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்கிறான் என்றால் எங்கள் சனத்துக்குப் பெருமை இருக்காதா? இருந்தது. தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்த வருடம் தோட்டம் முழுக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் நான்தான். வீரம்மாவுக்கு வந்த வாழ்வைப் பார் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டுமே, எனக்கென்ன.

அவன் வகுப்பு நடத்துவது பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் எங்களுக்கே கேட்கும். "ரெண்டு வேகம் குடுத்தா சராசரிக்கு என்ன செய்யணும்?" என்பான். "கூட்டணும், பாதியாக்கணும்" என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவார்கள். அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள், அவனும் அப்படியே சொல்லிக் கொடுத்தான். கூடையைச் சுமந்துகொண்டு நாங்களும் அதை முணுமுணுப்போம். வேறு பாட்டு வராத நாட்களில் எங்களுக்கு அதுவும் ஒரு பாட்டு.

அறுபத்தொன்றாம் வருடம் ஆடி மாதம் பூரணிக்கு வலி கண்டது. முதல் பிள்ளை. மருத்துவச்சி நாகலெட்சுமி விடியும்போதே வந்துவிட்டாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"புள்ள குறுக்க கெடக்கு வீரம்மா. கை முன்னால வருது. இது என்னால முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே டவுனில் இருந்தது. தோட்டத்து லொறியோ அதற்கு நேர் எதிராக, மேலே நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் புறப்பட்டிருந்தது. அது வளைவில் முனகுவது இன்னும் காதில் விழுந்தது. அந்தக் குறுகலான பாதையில் சுமையோடு நடுவழியில் திருப்ப இடமில்லை, ஸ்டேஷன் வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒரு கார் இருந்தது. அதை லயத்துப் பொம்பளைக்காக யாரும் கேட்டதும் இல்லை, அவர் கொடுத்ததும் இல்லை.

லொறி இல்லாத நேரத்துக்கு எங்களிடம் வேறு வழி உண்டு. கம்பளியைத் தூளி மாதிரி மூங்கிலில் கட்டி, ஆளைப் படுக்கவைத்து, எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தோள் கொடுத்துக் குறுக்குப் பாதையில் இறங்குவார்கள். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். நான் மலைக்கு ஓடி எட்டு ஆட்களை வேலையிலிருந்து இழுத்து வந்துவிட்டேன். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா முறைத்தார். நான் அதற்கு மேல் முறைத்தேன்.

அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து சோலைமலை வந்து நின்றான். கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது.

"கொஞ்சம் இருங்க மதினி. பாதை பூராவும் வழுக்குது. தூளியில குலுக்கிக்கிட்டுப் போனா அவ தாங்கமாட்டா. லொறி வந்துரும்."

"எப்ப வரும்?"

அவன் லயத்துச் சுவரில் எழுத ஆரம்பித்தான். "ஏறும்போது ஆறு மைல், எறங்கும்போது பதினெட்டு" என்று டிரைவர் பைஸர் எல்லோரிடமும் பெருமையடிப்பான். அந்தக் கிழட்டு லொறியில் ஒழுங்காக வேலை செய்தது வேகம் காட்டும் முள் ஒன்றுதான். சோலைமலை ஆறையும் பதினெட்டையும் எழுதினான், கூட்டினான், பாதியாக்கினான்.

"சராசரி மணிக்குப் பன்னெண்டு மைல். ஸ்டேஷன் பன்னெண்டு மைல் தூரம். போக வர இருபத்துநாலு. ரெண்டு மணி நேரத்துல இங்க நிக்கும். எறக்கத்துல ஆஸ்பத்திரிக்கு அரை மணி. மொத்தம் ரெண்டரை. தூளிய விட கால் மணி முந்திப் போயிரலாம், குலுக்கலும் இல்ல. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியாச்சு. லொறி வந்ததும் பெட்டிய எறக்கிட்டுத் திருப்பி அனுப்ப ஆளுங்க நிக்கிறாங்க."

"வர்ற நேரத்துக்கு வரட்டும் மாப்ள. நாம தூக்கிக்கிட்டு நடப்போம்" என்றேன்.

"இது நான் தெனமும் சொல்லிக் குடுக்கிற கணக்கு மதினி."

உள்ளேயிருந்து பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "அவங்க சொல்ற மாதிரியே செய்யுங்கக்கா. அவங்களுக்குத் தெரியும்."

அவளே சொன்ன பிறகு நான் எதைப் பேச? அன்றைக்குப் பேர் விழாமல் சம்பளம் போய்விடுமே என்று பயந்த ஆட்கள் மலைக்குத் திரும்பினார்கள். மூங்கிலைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்கள்.

அவன் சொன்ன இரண்டு மணி நேரமும் ஆனது. லொறி வரவில்லை. வளைவுக்கும் வாசலுக்குமாக அவன் ஓடிக்கொண்டிருந்தான். "இந்தா வந்துரும், இந்நேரம் கிட்டத்துல வந்திருக்கும்" என்று அவன் சொல்லச் சொல்ல, இப்போது ஆட்களைத் திரட்டித் தூக்கினால் லொறி வந்து வெறும் வீட்டு முன்னால் நிற்குமே என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எங்களை அந்த நம்பிக்கைதான் கெடுத்தது. பூரணியின் கத்தல் முனகலானது, பிறகு முனகலும் குறைந்தது. இன்னும் முக்கால் மணி கழித்துத்தான் லொறி வந்தது.

பின்னால் சாக்கை விரித்து அவளைக் கிடத்தினோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். டவுனுக்கு முன்னால் உள்ள பாலத்தில் வண்டி ஏறும்போது என் விரலைப் பிடித்திருந்த அவள் கை விட்டுப்போனது. நான் அவனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். சிங்கள டாக்டர் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில், கொஞ்சம் முந்தி வந்திருந்தால் தாயையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். நல்ல மனுஷன். ஆனால் அந்த வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

யார் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தின்றது? பைஸர்தான். எனக்கும் சோலைமலைக்கும் அதில் சந்தேகமே இல்லை. நானுஓயாவில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கதை பேசியிருப்பான். பூரணியின் காடாத்துச் சடங்கு முடிந்த கையோடு அவன் வீட்டு முன்னால் போய் மண்ணை வாரித் தூற்றினேன்.

"அல்லா மேல சத்தியமா எங்கயும் நிப்பாட்டல அக்கா" என்றான் பைஸர். அவனும் அழுதான். அழுகிறவன் எல்லாம் யோக்கியனா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

லொறி வழியில் முக்கால் மணி நேரம் நின்றது என்று சோலைமலை துரையிடம் முறைப்பாடு வைத்தான். விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் பைஸருக்கு வேலை போகும், குடியிருக்கும் வீடும் போகும். போகட்டும் என்றுதான் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் கேட்பதைப் பெரிய கிளாக்கர் தமிழில் கேட்டார். பைஸர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். சோலைமலை நல்ல சட்டை போட்டு வந்திருந்தான். ஆறு, பதினெட்டு, சராசரி பன்னிரண்டு என்று வகுப்பில் சொல்வது போலவே தெளிவாகச் சொன்னான். துரை தலையாட்டினார். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"சரி மாஸ்டர். எந்த எடத்துல நின்னிருப்பான்னு துரை கேக்குறாரு. போகும்போதா, வரும்போதா? நியாயப்படி அவன் ஸ்டேஷனுக்கு எத்தன மணி நேரத்துல போய்ச் சேந்திருக்கணும்?"

"ஏறும்போது மணிக்கு ஆறு மைல். பன்னெண்டு மைலுக்கு…" சோலைமலை நிறுத்தினான்.

கிளாக்கர் பேனாவோடு காத்திருந்தார். "சொல்லுங்க மாஸ்டர்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். எனக்கும் ஐந்தாம் வகுப்புப் படிப்பு இருக்கிறது. மணிக்கு ஆறு மைல் என்றால் பன்னிரண்டு மைலுக்கு இரண்டு மணி. ஐயோ, இறங்கி வருவதற்கு என்று ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. இந்தா வந்துரும் என்று நாங்கள் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அந்த லொறி அப்போதுதான் நானுஓயாவில் ஏறி நின்றிருக்கிறது.

அவன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். துரைக்குப் புரியவில்லை, கிளாக்கருக்கும் புரியவில்லை. ஏதோ ஒரு பதிலைச் சொல்லியிருந்தால் பைஸர் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பான். நானே ஒரு கணம் அப்படி ஆசைப்பட்டேன், பொய் சொல்வானேன். பழியைப் போட ஒரு முகம் வேண்டியிருந்தது.

"ரெண்டு மணி நேரம் ஐயா" என்றான் சோலைமலை. "ஏறவே ரெண்டு மணி. எறங்க நாப்பது நிமிசம். பெட்டிய எறக்க அஞ்சு நிமிசம். அவன் எங்கயும் நிக்கல. ரெண்டு வேகத்துலயும் ஒரே நேரம் ஓடியிருந்தாத்தான் கூட்டிப் பாதியாக்கலாம். அவன் மெதுவா ஓடுன நேரந்தான் அதிகம். சராசரி பன்னெண்டு இல்ல, ஒம்பது. நான்தான் தப்பாப் போட்டேன். நான்தான் அவள வீட்டுல வச்சிருந்தேன்."

கிளாக்கர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்படியானால் முறைப்பாடு இல்லை, எல்லோரும் போகலாம் என்றார். அவ்வளவுதான். பைஸர் சந்தோஷப்படவில்லை. வெளியே வந்து சோலைமலையின் தோளைத் தொட்டுவிட்டு லொறிப் பக்கம் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் கொழுந்து மலை வழியாக லயத்துக்கு நடந்தோம். எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அவன் நடந்த நடையைப் பார்த்தபோது கையும் வரவில்லை. என் தங்கை இருந்திருந்தால் இவனுக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், பைத்தியக்காரி, இவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்திருப்பாள்.

பாதி வழியில் அவன் நின்றான்.

"மதினி, தூளியில போயிருந்தா…"

"வாய மூடு மாப்ள. நட."

அவன் நடக்கவில்லை. தலையைக் குனிந்திருந்தான். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. கணக்குப் போடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. பாய்ந்து அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தேன், விரல் அசைய முடியாதபடி இறுக்கிப் பிடித்தேன். போடாதே, இதை மட்டும் போடாதே என்று கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள் நான்.

அவன் திமிறவில்லை.

"விடுங்க மதினி" என்றான். "விடை வந்துருச்சு. அரை மணி முந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்திருப்பா."