முனீஸ்வரனைக் கூப்பிட்ட கொர்னேலியஸ்

நந்திதுர்க் சுரங்கத்தில் கல் சரிந்து ஆள் செத்தால், ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். கல் சரிந்தும் சாகாமல் ஏறி வந்தால்தான் வம்பு. இசபெல்லாவின் புருஷன் கொர்னேலியஸ் அப்படி ஏறி வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் தொழிலாளர் குடியிருக்கும் லைன் முழுக்க அவன் பேச்சுதான். அவன் பிழைத்ததைப் பற்றி அல்ல. உள்ளே மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் யாரைக் கூப்பிட்டான் என்பதைப் பற்றி.

கொர்னேலியஸ் ஞானஸ்நானம் பெற்றவன். ஞாயிறு தவறாமல் ஜெபக் கொட்டகையின் முன்வரிசையில் உட்காருகிறவன். அவன் இருட்டில் மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டது, “முனீஸ்வரா! முனீஸ்வரா!” என்று. கேட்டது ஒருவர் இருவர் என்றால் மறுத்துவிடலாம். ஒரு ஷிப்டே நின்று கேட்டிருக்கிறது.

நடந்தது இதுதான். கொர்னேலியஸும் முனிரத்தினமும் ஜோடி. பாறையில் வெடிமருந்துக்குக் குழி போட ஒருவன் நீள உளியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். கொர்னேலியஸ் பிடிப்பான், முனிரத்தினம் அடிப்பான். அடி ஓர் அங்குலம் விலகினால் பிடிப்பவன் கை கூழ். இத்தனை வருஷத்தில் விலகியதில்லை. அன்றைக்கு இருவருக்கும் நடுவில் மேல்பாறை இடிந்து விழுந்து, ஆளுக்கொரு பக்கமாக அடைத்துவிட்டது.

வால்டர் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார். கற்குவியலுக்கு அப்பால் “முனீஸ்வரா!” என்று குரல் வந்தது. முனீஸ்வரனைக் கூப்பிடுகிறவன் முனிரத்தினமாகத்தானே இருக்க வேண்டும்? “கிட்டக்க இருக்கறது முனிரத்தினம், உசுரோட கீறான்! கொர்னேலியஸ் உள்பக்கம் மாட்டிகினான், சத்தமே இல்ல” என்று மேலே சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேலே ஷாப்ட் குழியின் வாயில் நின்ற முனிரத்தினத்தின் பெண்சாதி பார்வதம்மா அழுகையும் சிரிப்புமாகக் கும்பிட்டாள். இசபெல்லா கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். பிறகு ஆளேற்றும் கூண்டான கேஜ் மேலே வந்தது. தலை முதல் கால் வரை தூசியாய் வந்து நின்ற ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்வதம்மா ஓவென்று அழுது, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துப் பார்த்தால், அது கொர்னேலியஸ்.

முனிரத்தினத்தைத் தோண்டி எடுக்க இன்னும் நேரமானது. அவனும் சிராய்ப்போடு பிழைத்து வந்தான். கேட்டால் சிரிப்பீர்கள், உள்பக்கத்துக் குவியலைத் துளைத்தபோது அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தது “ஏசுசாமி! ஏசுசாமி!” என்று.

ஊருக்கு இது வேடிக்கை. சபையை நடத்தும் உபதேசியார் பர்னபாஸுக்கு அப்படியில்லை. அவர் சில வாரங்களாகவே வேதத்தின் எச்சரிப்புகளைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். கள்ளப் போதகர்கள், ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்கள், விசுவாசத்தை விட்டு விழுந்தவர்கள் என்று ஞாயிறுக்கு ஒன்றாக எடுத்து வெளுத்து வாங்கினார். இந்தச் சபையில் கள்ளப் போதகன் அகப்படுவது கஷ்டம், ஏனென்றால் போதகர் என்று இருந்ததே அவர் ஒருவர்தான். ஆனால் விழுந்தவன் ஒருவன் இப்போது முன்வரிசையிலேயே அகப்பட்டுவிட்டான்.

பர்னபாஸ் கெட்டவர் அல்ல. சொல்லப்போனால் நல்லவர், நல்லவர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் பெரிய கஷ்டம். இசபெல்லாவின் வாசலில் வந்து நின்று, குடையை மடக்கி, வருத்தத்தோடுதான் சொன்னார்.

“எனக்கு உன் புருஷன்மேல கோபம் இல்ல இசபெல்லா. எபிரெயர் நிருபம் ஆறாம் அதிகாரம் சொல்லுது. வெளிச்சத்தக் கண்டவங்க, பரலோகத்து ருசிய அறிஞ்சவங்க விழுந்துபோனா, அவங்கள மறுபடி மனந்திருப்ப முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் மூப்பர் கூட்டம் வச்சிருக்கேன். அதுல தீர்மானம் ஆகிறவரைக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்ல முடியாது.”

ஞானஸ்நானம் கொடுக்கிற பாதிரி துரை பெங்களூரிலிருந்து எப்போதாவதுதான் வருவார். இந்த ஞாயிறு வருகிறார், விட்டால் மழைக்காலம் போக வேண்டும். அவளுடைய மூத்த பிள்ளை அப்படித்தான், துரை வருமுன்னே காய்ச்சலில் போய்விட்டது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள். இந்த லூயிசாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று இசபெல்லா கர்ப்பமானதிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

“பேதுரு ஏசப்பாவையே மறுதலிக்கலிங்களா உபதேசியாரே? அவரு எவ்ளோ பெரிய ஆளு!”

“பேதுரு ‘எனக்குத் தெரியாது’ன்னுதான் சொன்னாரம்மா. வேற சாமி பேரச் சொல்லல.”

பேதுருவை வைத்தே ஜெயித்துவிடலாம் என்று இசபெல்லா நம்பியிருந்தாள். உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு போனார். அவள் கோபம் முழுக்கப் புருஷன்மேல் திரும்பியது.

“இன்னா நெனப்புல அந்தப் பேரச் சொன்ன?”

“நெனப்பா? கல்லு உழுந்துது, மெழுகுவத்தி அணைஞ்சுது. அங்க இன்னா நெனப்பு? வாயில வந்துது.”

“வாயில வந்துதா! சம்பளம் வாங்கறப்ப ‘ஏசப்பா’, கல்லு உழுந்தா ‘முனீஸ்வரா’வா?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தின்னவில்லை. “அந்த வசனம் எனக்குத்தான் எழுதியிருக்கா சபேலா?” என்று கேட்டான். உளி பிடிக்கிறவன், கண் எதிரே சம்மட்டி இறங்கினாலும் இமைக்காதவன், நிஜமாகவே பயந்துபோயிருந்தான். அவளுக்கு மேலே திட்ட வரவில்லை.

மறுநாள் கிணற்றடிக்குப் போனால் பார்வதம்மா குடத்தை டங்கென்று வைத்தாள்.

“உங்களுக்கு உபதேசி, எங்களுக்குக் கோயில் பூசாரி ராஜப்பா. ‘மாரியம்மனுக்குக் கரகம் தூக்கறவன் ஏசுசாமியக் கூப்பிடலாமா’ன்னு வாசல்ல வந்து குந்திகினு கேக்கறாரு. இந்த வருசம் கரகம் வேற ஆளுக்காம்.”

“எங்க ஊட்டுக்காரரு உங்க சாமிய எடுத்துகினாரு, உங்க ஊட்டுக்காரரு எங்க சாமிய எடுத்துகினாரு பார்வதக்கா.”

“மாத்திக் குடுத்துட்டா சரியாப்பூடும். எந்த ஆபீசுல குடுக்கணுமோ தெரியலயே!”

இருவரும் குடம் தளும்பச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது இசபெல்லாவுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கொர்னேலியஸ் தினமும் சுரங்கத்துக்குள்ளே ஜெபம் செய்கிறவன் என்பதற்கு முனிரத்தினத்தைவிட நல்ல சாட்சி யார்?

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக் கொட்டகை நிறைந்திருந்தது. சபைப் பெரியவர்களான மூப்பர்களில் முதலாமவர் வால்டர் மேஸ்திரி. அவர் காதால் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் சொன்னார். பிறகு, இசபெல்லா சாட்சிக்கு அழைத்திருந்த முனிரத்தினம் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“உளியப் புடிக்கறதுக்கு மின்னாடி கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுதான் புடிப்பான். நான் சம்மட்டிய வச்சுகினு காத்துகினு இருப்பேன். தெனம் இதான்.”

இசபெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வால்டர் விடவில்லை. “மெழுகுவத்தி எரியறப்ப ஜெபம் யாருக்கும் வரும். அணைஞ்சப்புறம் இன்னா வந்துதுன்னுதான் கேள்வி.”

அவள் கட்டிய கோட்டை அவ்வளவுதான். பர்னபாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். ஓர் ஆத்துமா அகப்பட்டாலும் அகப்படும் என்கிற ஆசை அவர் குரலில் நன்றாகவே தெரிந்தது.

“நீங்க ஏசுசாமியக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது ஏன்?”

“பின்ன யாரக் கூப்பிடறது?” முனிரத்தினம் உண்மையாகவே விழித்தான். “கல்லு உழுந்தது இவன் நின்ன எடத்துல. இவன் அடியில மாட்டிகினான்னு நெனச்சேன். எங்க சாமியக் கூப்ட்டா, ‘யாருடா இவன், என் கோயில் பக்கமே வராதவன்’னு கேக்கமாட்டாரா? இவன் யாரக் கும்பிடறானோ அவருகிட்டதான சொல்லணும்? சீக்கிரம் வரணுமில்ல!”

பர்னபாஸ் மெல்லக் கொர்னேலியஸைப் பார்த்தார். “நீ?”

கொர்னேலியஸ் எழுந்து நின்றான். முனிரத்தினத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு அடியே படலிங்க. நான் நல்லாத்தான் இருந்தேன். இருட்டுல கைய நீட்டினா கல்லு, கல்லு, கல்லுதான். இவன் சத்தமே வரல. எனக்காக நான் யாரையும் கூப்பிடலிங்க.”

இசபெல்லாவுக்கு ஒரு வாரமாகத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக, அந்த ஆள் தன் புருஷன் என்பதில் கர்வமாக இருந்தது. அவள் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“இருந்தாலும் வேற சாமிதான?” என்றார் வால்டர், கொஞ்சம் தணிந்த குரலில். “வேதத்துல இன்னா போட்டிருக்கோ அதான நாம பாக்கணும்?”

பர்னபாஸ் வேதத்தைத் திறந்தார். விழுந்தவர்களைப் பற்றி வாசித்தார். முள் முளைத்த நிலத்துக்குக் கடைசியில் நெருப்புதான் என்கிற இடத்தையும் வாசித்தார். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. ஒவ்வொரு முறையும் நெருப்போடு நிறுத்திவிடுவார், குரலை உயர்த்த வாகான இடம் அது. இன்றைக்கு எதைச் சொல்வது என்று தெரியாததால் அவர் கண் கீழே போயிற்று. நிருபம் எழுதினவர் நெருப்பைச் சொன்ன கையோடு குரலை இறக்கி, ‘பிரியமானவர்களே, உங்களிடம் இதைவிட நல்லதைத்தான் எதிர்பார்க்கிறோம்’ என்கிறார். நீங்கள் ஒருவருக்கொருவர் பட்ட பாட்டையும் காட்டிய அன்பையும் மறந்துபோக தேவன் ஒன்றும் நீதி கெட்டவர் அல்ல என்கிறார். பர்னபாஸ் அதை ஒருமுறை மனதுக்குள்ளும் ஒருமுறை சத்தமாகவும் வாசித்தார்.

“இது இங்கதான் இருந்திருக்கு” என்றார் யாரிடமோ.

“உபதேசியாரே, ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்றான் கொர்னேலியஸ். “முனிரத்தினம் கூப்ட்டு ஏசப்பா என்னக் காப்பாத்திட்டாரு. செரி. முனிரத்தினத்த யாரு காப்பாத்தினது?”

பர்னபாஸ் மாட்டிக்கொண்டார். ஒரு பதில் சொன்னால் சபை போய்விடும், இன்னொரு பதில் சொன்னால் எதிரே நிற்கிற இரண்டு பேரின் முகத்தில் விழிக்க முடியாது. குடையைத் தேடுவதுபோல் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு வேதத்தை மூடிவிட்டுச் சொன்னார்.

“அதுவும் அவர்தானப்பா. நீ யார் பேரச் சொன்னாலும், அது உன் சத்தம்னு அவருக்குத் தெரியாதா?”

“உபதேசியாரே!” வால்டர் எழுந்தே விட்டார். “எந்தப் பேரச் சொன்னாலும் சரின்னு ஆவுதே. இதுக்குப் பேருதான கள்ளப் போதகம்? நீங்கதான போன வாரம் சொன்னீங்க?”

“இருக்கலாம் வால்டர்.” பர்னபாஸ் மூடிய வேதத்தின்மேல் கையை வைத்தார். “இருந்தா துரை என்னை வேலையை விட்டு எடுக்கட்டும். இசபெல்லா, நாளைக்குப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். வெயிலில் சிவந்த முகமும் சத்தமான தமிழுமாக, ஞானஸ்நானத்துக்கு முன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: “இந்தச் சபையில் விசுவாசத்தை விட்டு விழுந்தவர் எவராகிலும் உண்டா?”

“ஒருவரும் இல்லை ஐயா” என்றார் பர்னபாஸ். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

அவர் பதில் அவ்வளவு சுருக்கமாக இருந்தது துரைக்குப் புதிது. சந்தேகத்தோடு மூப்பர் வரிசையைப் பார்த்தார். வால்டர் மேஸ்திரி எழுந்து நின்றார். இசபெல்லா குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது வீறிட்டது. இந்த மனிதர் பொய் சொல்லாதவர், காதால் கேட்டதை ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ மாட்டாதவர் என்பது நந்திதுர்க் முழுக்கத் தெரியும்.

வால்டர் கொர்னேலியஸைப் பார்த்தார். பிறகு, வாசலுக்கு வெளியே பார்வதம்மாவோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினத்தைப் பார்த்தார்.

“யாரும் விழலிங்க தொரை” என்றார். “நான் அங்கதான் இருந்தேன். என் காதால கேட்டேன்.”

அவர் உட்கார்ந்தார். துரை தண்ணீரில் கை வைத்து, பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார். கொர்னேலியஸ்தான் “லூயிசா” என்று சொன்னான்.