பெயர் போடாத ஸ்தோத்திரக் கவர்

எங்கள் கொட்டாஞ்சேனைச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் செய்த நன்மையைக் கவரின்மேல் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டால், போதகர் அதைச் சபை முழுக்கக் கேட்க வாசிப்பார். பரீட்சை பாஸ், விசா, பிள்ளைப்பேறு என்று எல்லாம் வரும். என் மகள் மேனுகாவுக்கு ராகுலனைப் பேசி முடித்தபோது நானும் விடவில்லை. நான்கு ஞாயிறு தொடர்ந்து, ‘நல்ல மாப்பிள்ளை அமைந்ததற்காக’ என்று எழுதிப் போட்டேன். ஒருதரம் போதாதா என்று கேட்டார் என் கணவர் யோகநாதன். அவர் எதற்குத்தான் வாய்விட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை மேனுகா கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் கேட்டால் “பிடிக்கேல்லை அம்மா” என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஹோல் புக் பண்ணியாகிவிட்டது, கார்டும் அடித்தாகிவிட்டது. மூன்று நாளாக எனக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

அந்த ஞாயிறு கோயிலில் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன், விசிறிக்கொண்டேன். இரண்டு வாங்கு வரிசை முன்னால் ராகுலனின் தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா. எனக்கு ஆண்டவரோடேயே கோபம். நாலுதரம் நன்றி சொன்னவளுக்கு இதுதானா நீர் செய்கிற வேலை என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போதகர் கவர்களை வாசித்துக்கொண்டு வந்தவர் ஒன்றில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக வாசித்தார்.

“கல்யாணம் நின்றதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பெயர் போடவில்லை.”

எங்கள் சபையில் அந்த மாதம் நின்றது ஒரே ஒரு கல்யாணம்தான். ராகுலனின் தாய் திரும்பி என்னைப் பார்த்தா. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேனுகாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

“என்னடி வேலை இது?”

“நான் எழுதேல்லை அம்மா.”

மற்றப் பக்கத்திலிருந்து யோகநாதன் சொன்னார், “நான்தான் எழுதினனான்.”

அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழும்பியபோது இரண்டு பேரையும் இழுக்காத குறையாக வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

“உங்களுக்கென்ன விசரே? அவையின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?”

அவர் சத்தம் போடவில்லை. “போன புதன்கிழமை கொச்சிக்கடை பஸ் ஹோல்ட்டில பார்த்தனான். ராகுலன் எங்கட பிள்ளையின்ர கன்னத்தில அடிச்சவன். நான் ரோட்டைக் கடந்து வாறதுக்குள்ள பைக்கில போயிட்டான். நான்தான் கல்யாணம் வேண்டாமெண்டு சொல்லச் சொன்னனான். உமக்குச் சொல்ல வேண்டாமெண்டு பிள்ளை அழுதவள். ஆனா ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க எனக்கு ஏலேல்லை.”

“அது முதல் தரமும் இல்லை,” என்றாள் மேனுகா.

நான் அவள் பக்கம் திரும்பினேன். “ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் அவருக்காக நன்றி சொன்னீங்கள். பாஸ்டர் வாசிக்க வாசிக்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சவை. பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?”

அவள் கையை அப்போதும் நான் விடாமல் பிடித்திருந்ததைக் கண்டேன். விட்டபோது என் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவமானம் வெளியிலிருந்து வரும் என்றுதான் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். “பிழை என்ரதான்,” என்றேன். அவள் தள்ளி நிற்கவில்லை.

ஆராதனை முடிந்து சனம் வெளியே வந்தது. ராகுலனின் தாய் நேரே என்னிடம் வந்தா. பின்னால் பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆர் எழுதினது அது?”

யோகநாதன் வாயெடுக்க முன் நான் முன்னுக்குப் போனேன்.

“நான்தான். வாற ஞாயிறும் எழுதுவன், என்ர பெயரையும் போட்டு.”