அமெரிக்காவிலிருந்து வந்த கார்டு

கிருத்திகா தொம்மலூர் அலுவலகத்தில் அமெரிக்கப் பார்சலைப் பிரித்தாள். கம்பெனிக்கென்றே வாடகைக்கு எடுத்த லீஸ்டு லைன் இன்று ஓடத் தொடங்கினால், சிகாகோ வேலையை இங்கிருந்தே செய்யலாம். கூட வேலை செய்யும் சேஷகிரி அங்கே போக வேண்டியதில்லை. தையில் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம்.

உள்ளே, லைனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டி-1 கார்டு இருந்தது. அது அமெரிக்க வழக்கம். இந்தியாவில் ஐரோப்பாவைப் போல ஈ-1. வேகமே வேறு, இந்த லைனில் டி-1 வேலை செய்யாது.

"தப்பா அனுப்பிட்டாங்க சேஷு. வேற வர்றவரைக்கும் கிளையன்ட் காத்திருக்க மாட்டான்."

"அவங்க தப்பில்ல. நான்தான் டி-1 கேட்டேன்."

"விளையாடாத. எங்களுக்கே நீதானே இதெல்லாம் சொல்லிக்குடுத்த."

சேஷகிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "தெரிஞ்சுதான் கேட்டேன்."

லைன் ஓடாவிட்டால் அவன்தான் சிகாகோ போவான் என்பது அவளுக்கு உறைத்தது.

"போகணும்னா நேராச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, கல்யாணத்துக்கு என்ன வழின்னு கேப்ப."

அவள் கேட்கவில்லை.

மேனேஜர் பத்ரிநாத் கதவைத் திறந்தார். "ஏனாய்த்து? என்னாச்சு, லைன் வந்துச்சாம்மா?"

"இல்ல சார்," என்றாள் கிருத்திகா. "அவங்க கார்டை மாத்தி அனுப்பிட்டாங்க. சேஷகிரியவே அனுப்பிடுங்க."