காசு கட்டாத ஆட்டக்காரி

“சர்டிபிகேட்ட எடுத்துக் குடுடா தம்பி. அடுத்த வாரம் திங்கக்கிழமை இன்டர்வியூ,” என்று அக்கா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

தம்பி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தேடிக்கொண்டிருந்த அவன் மனைவி, தேடுவதை நிறுத்திவிட்டாள்.

“ஹாஸ்டல் சமையக்கட்டுல போய் நிக்கப் போறியா?” என்றான் தம்பி. “ நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க. கூடப்பொறந்தவளுக்குச் சோறு போட வக்கில்லையான்னு.”

“சோறு நான்தானேடா போடுறேன்.”

அது உண்மைதான். கணவன் இறந்து இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடமாக மூன்று வேளையும் அவள்தான் சமைத்தாள். இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள். தம்பியும் அவன் மனைவியும் நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள். அவளுடைய சான்றிதழ்கள் ‘பத்திரமாக’ அவன் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. இதற்கெல்லாம் சேர்த்து உறவினர்கள் வைத்திருந்த பெயர், தம்பி அக்காவை வைத்துக் காப்பாற்றுகிறான் என்பது.

தம்பிக்கு ஒரு கைபேசி விளையாட்டு நிறுவனத்தில் வேலை. கோட்டை கட்டி, அடுத்தவன் கோட்டையை இடிக்கும் விளையாட்டு. இலவசம். நூறு பேரில் மூன்று பேர்தான் காசு கட்டித் தங்க வாளும் பீரங்கியும் வாங்குவார்கள்; அந்த மூன்று பேர் காசில் நிறுவனம் ஏழு மாடி கட்டியிருந்தது. உலை கொதிக்கும் நேரத்தில் அக்காவும் பழைய கைபேசியில் அதை ஆடுவாள். ஒரு காசு கட்டியதில்லை.

காசு கட்டாமல் ஆடுகிறவர்களைப் பற்றி மறுநாள் முதலாளி முன்னால் அவன் பேச வேண்டும். அதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தான். அவளுக்குப் புரிந்தால் முதலாளிக்கும் புரியும் என்பது அவன் கணக்கு.

“காசு கட்டாதவங்க எதுக்குடா? தண்டம்தானே?” என்று கேட்டாள் அக்கா.

“அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. அவங்க இல்லன்னா காசு கட்டுனவன் யாரை ஜெயிப்பான்? ஆளில்லாத ஊர்ல தங்க வாளை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவான்? ஓசியில ஆடுறவங்கதான்க்கா தூணு. அவங்க எந்திரிச்சுப் போயிட்டா மொத்தமும் படுத்துடும்.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியவே கூடாது. ‘உனக்கு எல்லாம் சும்மா குடுக்கிறோம்’னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுதான் தொழிலு.”

“யாராவது நிறுத்திட்டா?”

அதற்கு ஒரு முறை இருந்தது. மூன்றாம் நாள் பரிசு அனுப்புவார்கள். ஐந்தாம் நாள், ‘உன் கூட்டாளிகள் உன்னைத் தேடுகிறார்கள்’ என்பார்கள். ஏழாம் நாள், ‘சேர்த்ததெல்லாம் போய்விடும்’ என்று பயமுறுத்துவார்கள்.

“அதையும் தாண்டிட்டா?”

“அப்புறம் அவங்க நம்ம ஆளு இல்ல. விட்டுடுவோம்.”

அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

மறுநாள், திங்கட்கிழமை காலை அடுப்பு எரியவில்லை. இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. அவள் முகம் வழக்கம்போலத்தான் இருந்தது. தனக்கு மட்டும் ஒரு தட்டு சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“உடம்பு சரியில்லையா அண்ணி?” என்று கேட்டாள் தம்பி மனைவி.

“நல்லா இருக்கேன்மா.”

தம்பி தேய்க்காத சட்டையோடு அலுவலகம் போனான். பேச்சு பிரமாதம் என்று முதலாளி கை கொடுத்தார்.

புதன்கிழமை ஒரு புதுக் கைபேசியோடு வந்தான். “உனக்குத்தான்க்கா. சும்மா தோணுச்சு.” அக்கா நன்றி சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல் மேசையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். “அத்தை, நீங்க இல்லாம நாங்க எப்படி இருப்போம்,” என்றான் பெரியவன். “அப்பா மூணு தடவ சொல்லிக் குடுத்தாரு,” என்றாள் சின்னவள். அத்தை இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அன்று மட்டும் கொஞ்சம் அழுதாள். ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குரலை உயர்த்தினான். “பதினோரு வருஷமா இந்த வீட்ல சம்பாதிச்ச மரியாதை எல்லாம் போயிடும், பாத்துக்க.”

“ஏழாம் நாளுடா தம்பி,” என்றாள் அக்கா.

“என்ன ஏழாம் நாளு?”

“நீதானே சொன்ன. இன்னிக்கு ராத்திரி தாண்டிட்டா நான் உங்க ஆளு இல்ல. விட்டுடுவீங்க.”

தம்பி விரல் விட்டு நாட்களை எண்ணினான். அப்படித் திட்டம் போட்டு அவன் செய்யவில்லை. கை பழகியிருந்தது, அவ்வளவுதான்.

“சாவியக் குடுங்க,” என்றாள் அவன் மனைவி. “நேத்து விசாரிச்சேன். சமையலுக்கு ஒருத்தி, துணிக்கு ஒருத்தி, பிள்ளைங்களுக்கு ஒருத்தி. மூணு ஆளு வேணுமாம். இவங்கள நாம காப்பாத்துனோம்னு இனிமே என் முன்னாடி சொல்லாதீங்க.” அலமாரியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

மறுநாள் விடுதி அலுவலகத்தில், வேலை அக்காவுக்குத்தான் என்று முடிவானது. எழுத்தர் படிவத்தைக் கொடுத்தார். ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் அவள் நிதானமாக எழுதினாள்: சமையல், பதினோரு வருடம்.

“எந்த இடத்துலம்மா?”

“தம்பி வீட்ல.”

“சம்பளம்?”

“இல்ல.”

“சம்பளம் இல்லன்னா அது அனுபவத்துல வராதும்மா. அடிச்சிட்டு ‘இல்லை’ன்னு எழுதுங்க. புதுசா சேர்றவங்க சம்பளம்தான் போட முடியும்.”

“அந்தச் சம்பளமே போடுங்க சார்,” என்றாள் அக்கா. பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். “அடிக்க மட்டும் மாட்டேன்.”