தட்டில் வைத்த போன்

மனித குலத்தின் அறியாமை இருளை அகற்றப் பிறந்த அமைப்புகளை ஒருநாள் வரலாறு வரிசைப்படுத்தும்போது, அனைத்துக் கணினிப் பயனர் நலச் சங்கத்துக்கு அதில் அழியாத இடம் உண்டு. இதைச் சொன்னவர் சங்கத்தின் தலைவர். சொன்ன இடம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர், நூலக மாடியில் அந்த ஓர் அறைக்கு மட்டும் ஏ.சி. இருக்கிறது என்பதற்காக உறுப்பினர் ஆனவர்கள். மீதிப்பேரின் கம்ப்யூட்டர் பழுதாகியிருந்தது.

முன்வரிசை ஓரத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார் பல்செட்.

பல் மருத்துவமனை ஒன்றின் பின்கட்டில் மெழுகையும் பிளாஸ்டரையும் வைத்துப் பொய்ப்பல் செய்வது அவருடைய தொழில். அதனால் சங்கத்தில் அந்தப் பெயர். அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. சங்கத்தின் உதவி போன் மூன்று வருடமாக அவருடைய சட்டைப் பையில்தான் வாழ்ந்து வந்தது.

உதவி போனுக்கென்று ஒரு முறை இருந்தது. தலைவரே வகுத்தது. மாதக் கூட்டமானாலும் பொதுக்குழுவானாலும் முடியும் நேரத்தில் போனை ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்து மேஜை நடுவில் வைப்பார்கள். விருப்பமுள்ள தொண்டர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அடுத்த கூட்டம் வரை ஊரை விட்டு நகரக்கூடாது; யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் வீட்டுக்கே போய்ச் சரிசெய்து கொடுக்க வேண்டும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. "தொண்டுங்கறது உள்ளேருந்து ஊறணும். கை தானா நீளணும்" என்பார் தலைவர். யாராவது எடுக்கும் வரை கூட்டம் முடிந்ததாக அறிவிக்கப்படாது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து செயலாளரம்மா தீர்மானம் எழுதுவார். கை தானாக நீளும் வரை அவர் நாற்காலியும் நகராது.

மூன்று வருடமாகத் தானாக நீண்ட கை பல்செட்டினுடையது மட்டும்தான். அவர் பெரிய தியாகி என்பதால் அல்ல. ஓர் அறை நிறைய ஆட்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியாது. இடைவெளியைப் பார்த்தால் எதையாவது வைத்து அடைத்துவிடத் தோன்றும் தொழில்.

அந்த போனில் அவர் கேட்காத துன்பம் இல்லை. மச்சானுக்குக் கோபத்தில் அனுப்பிய மெயிலை மச்சான் படிப்பதற்குள் திரும்ப எடுத்துத் தரச் சொன்னார் ஒருவர். வீட்டில் போடும் சண்டையெல்லாம் கம்ப்யூட்டர் ஒட்டுக் கேட்கிறதா, கேட்கிறதென்றால் அது யார் பக்கம் என்று விசாரித்தார் இன்னொருவர். போதாக்குறைக்கு போனின் காதுப்பக்கம் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். ஆகவே ஊர்த் துன்பமெல்லாம் பல்செட்டின் சாப்பாட்டு மேஜையில் சத்தம் போட்டே நடந்தது.

அவருடைய மகள் வேறு ஊரில் இருந்தாள். பேரன் பிறந்து குப்புற விழவும் தொடங்கிவிட்டான். தாத்தா இன்னும் பார்க்கவில்லை. முதல் தடவை டிக்கெட் எடுத்தபோது ஓர் உறுப்பினரின் ஹார்டு டிஸ்க் படுத்துக்கொண்டது. இரண்டாம் தடவை, சங்கத்தின் இணையதளத்தில் தலைவரின் படம் தலைகீழாக வந்து, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மூன்றாம் டிக்கெட் நாளைக் காலை பஸ்ஸுக்கு.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்த போனோட திரும்பி வந்தீங்கன்னா நான் மட்டும் போயிட்டு வரேன். பையனுக்குத் தாத்தாவ போட்டோல காட்டிக்கறேன். நல்லா வளர்ந்தப்புறம் அவனே போன் பண்ணிக்கட்டும். நம்பர்தான் ஊருக்கே தெரியுமே."

அதனால்தான் கைமேல் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் உரையை முடித்தார். கைதட்டினார்கள். செயலாளரம்மா தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அறை அமைதியானது. எல்லாரும் தட்டைப் பார்க்காமல், பல்செட்டைப் பார்க்காதவர்களைப் போலப் பல்செட்டைப் பார்த்தார்கள்.

பல்செட் சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' பலகையைப் படித்தார். படிக்க அதிகமில்லை. மறுபடியும் படித்தார்.

"என்ன பல்செட், கை மரத்துப் போச்சா?" என்றார் போட்டோ ஸ்டூடியோக்காரர். சங்கத்தில் வாய்க்கு இவர், வேலைக்குப் பல்செட்.

"இந்த மாசம் வேற யாராச்சும் எடுத்துக்கலாமேன்னு..."

"தாராளமா எடுக்கலாமே! யாரு வேணாம்னா?" ஸ்டூடியோக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எனக்குக் கல்யாண சீசன். கேமராவைத் தோள்லருந்து எறக்க நேரமில்ல. இல்லன்னா நான் எடுத்துக்க மாட்டேனா?"

"எனக்கு ஸ்கூல்ல பரீட்சை" என்றார் செயலாளரம்மா கதவருகிலிருந்து, எழுதுவதை நிறுத்தாமல். "அதோட, தீர்மானம் எழுதறவங்க போன் எடுக்கக்கூடாது. கவனம் சிதறும்."

பின்வரிசையில் ஒருவர் தனக்குக் காது சரியாகக் கேட்காது என்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"நான் பேரனப் பாக்கப் போகணும்" என்றார் பல்செட். மூன்று வருடத்தில் அவர் பொதுக்குழுவில் பேசிய முதல் சொந்த விஷயம் அது. சொல்லி முடித்ததும் காது சிவந்துவிட்டது.

"அட, போயிட்டு வாங்களேன்!" என்றார் ஸ்டூடியோக்காரர். "பேரன் எங்க போயிடப் போறான்? அடுத்த மாசமும் அங்கதான இருப்பான்."

தலைவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. 'கணினி யுகத்தின் முன்னோடி' என்று விசிட்டிங் கார்டில் தாமே அச்சடித்துக்கொண்டவர்.

"நானே எடுத்துக்கலாம்" என்றார். ஒரு கணம் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "எடுத்துக்க எனக்கு என்ன தயக்கம்? ஆனா தலைவர் எடுத்தா அது தொண்டு ஆகாது, அதிகாரம் ஆயிடும். பதவியில இருக்கறவன் கீழ்மட்டத் தொண்டனோட வாய்ப்பைப் பறிக்கக் கூடாது. இந்த ஒரு கொள்கைதான் என் கையைக் கட்டிப்போட்டிருக்கு."

கொள்கை கட்டிய கையோடு அவர் உட்கார்ந்தார். பல்செட் தன் கைகளின் மேல் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார்.

ஏ.சி. முனகியது. கீழே நூலகத்தில் ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார், இருமியதற்காகத் தன்னை நியமித்துவிடுவார்களோ என்று பயந்து பாதியில் நிறுத்தினார். ஸ்டூடியோக்காரர் கடிகாரத்தைக் கட்டிய கையைப் பல்செட்டின் கண்ணில் படும்படி தூக்கி நேரம் பார்த்தார். செயலாளரம்மா கதவின் தாழ்ப்பாளை ஒருதரம் சரிபார்த்துக்கொண்டார். பல்செட்டின் விரல்களில் உணர்வு போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படிப் போனால் எழுந்துவிடுவோம், எடுத்துவிடுவோம், எல்லாரும் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போவார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் வீட்டுக் கதவும் கண்முன் தெரிந்தது, உள்ளே கட்டிவைத்த இரண்டு பைகளில் ஒன்றை மனைவி அவிழ்ப்பதும்.

அப்போது போன் அடித்தது.

தட்டு எவர்சில்வர் என்பதால் போன் அதிர்ந்த சத்தம் ஆம்புலன்ஸ் போலக் கேட்டது. திரையில் 'தலைவர் வீடு' என்று எழுத்து ஒளிர்ந்தது.

அது தலைவரின் மனைவி. வாரம் தவறாமல் கூப்பிடுபவர். 'இவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி' என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்பார். மூன்று வருடமாகப் பல்செட் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. இப்போது யாராவது பட்டனை அமுக்கினால் அந்த அம்மாள் ஸ்பீக்கரில் பொதுக்குழுவுக்கே முறையிடுவார். பல்செட்டின் வலது கை தொடைக்கு அடியிலிருந்து தன்னாலேயே வெளியே வந்தது.

"யாருன்னு பாப்போமே" என்று ஸ்டூடியோக்காரர் கழுத்தை நீட்டினார்.

பல்செட்டின் மரத்த கை பாதி வழியில் இருந்தபோது, கொள்கை கட்டிப்போட்டிருந்த கை அதைத் தட்டிவிட்டுப் பாய்ந்தது. தலைவர் போனைப் பறித்து, வயிற்றோடு அணைத்து, திரையை மறைத்துக்கொண்டு, எதையோ அமுக்கினார். அழைப்பைத் துண்டிக்கத்தான் நினைத்தார். பச்சையில் கை பட்டுவிட்டது.

"தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றது அறை முழுவதும் ஒரு குரல்.

தலைவர் குரலை ஒரு கட்டை கீழே இறக்கி, "வணக்கம். உதவி மையம்" என்றார்.

"யாரு, பழைய தம்பி இல்லையா? புதுசா?"

அறையே தலைவரைப் பார்த்தது.

"ஆமாம்மா. புதுசு."

"சளி புடிச்சிருக்கா தம்பி? குரல் ஒரு மாதிரி இருக்கே. சரி, விஷயத்துக்கு வரேன். எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டரை நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு மீட்டிங் போயிட்டாரு. எப்பவும் போல முன்னாடி இருக்கற ஸ்கிரீனை மட்டும் டி.வி. மாதிரி அணைச்சுட்டுப் போயிட்டாரு. கீழ பொட்டிக்குள்ள காத்தாடி ஓடிக்கிட்டே இருக்கு. வாங்கினதுலருந்து இவரு அதைத் தூங்க விட்டதே இல்ல தம்பி, பாவம். பழைய தம்பிதான் சொல்லிச் சொல்லி நிறுத்துவாரு. எனக்கு அந்த வழி மறந்து போச்சு. எங்க அமுக்கணும்?"

கேள்வி எளிமையானது. முன்னோடி சுற்றிலும் பார்த்தார். காது கேட்காதவர் காதில் கையை வைத்து முன்னால் சாய்ந்திருந்தார்.

"இடது பக்கம் கீழ் மூலை" என்று பல்செட் உதட்டுக்குள் சொன்னார். பழக்கம்.

"இடது பக்கம் கீழ் மூலைம்மா."

"யாரோ சொல்லிக் கொடுக்கறாங்க போலருக்கே. பரவால்ல, கத்துக்குங்க தம்பி, வயசு இருக்கு. எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க. அவருதான் உங்க சங்கத்துல எல்லாம் தெரிஞ்சவருன்னு பேரு. கெட்டுப் போயிடக் கூடாது."

"சொல்ல மாட்டேம்மா" என்றார் தலைவர்.

போன் அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் போன் மறுபடி தட்டுக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருந்தது. முதலில் கைதட்டியவர் ஸ்டூடியோக்காரர். "கை தானா நீண்டுடுச்சு, பாத்தீங்களா! உள்ளேருந்து ஊறியிருக்கு!" அறை அதிரக் கைதட்டியது. செயலாளரம்மா எழுதியதை உரக்கப் படித்தார்: "உதவி போன் பொறுப்பைத் தலைவர் அவர்கள் தாமாக முன்வந்து, புதியவராக, ஏற்றுக்கொண்டார்." படித்துவிட்டு நாற்காலியைக் கதவிலிருந்து நகர்த்தினார்.

தலைவர் சுதாரித்துக்கொண்டு, தலைவனே தொண்டனாகும் பொன்னாள் இது என்று தொடங்கினார். ஆட்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் மனைவி பல்செட்டின் சட்டைப் பையை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தாள். கால்சட்டைப் பைகளையும் தட்டினாள். அவருடைய சொந்த போன் மட்டும்தான் இருந்தது. உள்ளே போய் இரண்டாவது பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

காலையில் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மடியில் பேரனுக்கு வாங்கிய கிலுகிலுப்பை, பஸ் குலுங்கும்போதெல்லாம் கிலுகிலுத்தது. பல்செட் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினார். கைகளை எதன் அடியிலும் வைக்கத் தேவையில்லாமல் மடியில் வைத்திருந்தார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. அவருடைய சொந்த போன்.

"தம்பி, நீங்கதானா? அப்பாடா!" என்றார் தலைவரின் மனைவி. "நேத்து ஒரு புதுத் தம்பி பேசினாரு. ஒண்ணும் தெரியல, பாவம்."

"அம்மா, இது என் சொந்த நம்பரு. இது உங்களுக்கு எப்படி..."

"நான் உதவி நம்பருக்குத்தான தம்பி அடிச்சேன்? அதுல நீங்க வரீங்க. இன்னொண்ணு கேக்கணும். நேத்து ராத்திரி இவரு எங்கேருந்தோ ஒரு பழைய போனைக் கொண்டுவந்து, சுவிட்ச் ஆஃப் பண்ணி, பீரோக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாரு. கேட்டா சங்க ரகசியங்கறாரு. அது ஏதும் வெடிச்சிடாதே?"

"வெடிக்காதும்மா" என்றார் பல்செட். அதற்குள் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

முன்பெல்லாம் உதவி போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் உறுப்பினர்கள் நேரே வீட்டுக்கு வந்து பெல்லை அடிப்பார்கள். அதைத் தடுக்க அப்போது ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது: உதவி போன் அணைந்திருந்தால் வரும் அழைப்புகளெல்லாம் அவருடைய சொந்த எண்ணுக்குத் திரும்பும்.

அந்த அம்மாள் வைத்ததும் அடுத்தது அடித்தது. மச்சானுக்கு மெயில் அனுப்பியவர். மச்சான் பதில் போட்டிருந்தானாம். அது முடிவதற்குள் இன்னொன்று காத்திருப்பில் வந்தது. பல்செட் குரலைத் தாழ்த்தி, தோள் அசையாமல், ஒவ்வொருவருக்காகப் பதில் சொன்னார். கிலுகிலுப்பை கிலுகிலுத்தது.

அந்த ஏற்பாட்டை எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. போட்டுக் கொடுத்தது, தோளில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி.